சூடான கணுவுல ஒண்ணுமில்ல, சூடே இல்லாத கணுவுல இருந்துச்சு: ஒரு சென்டினல் நோடு கேஸ்

தென் மாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரியில நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்டா இருக்கேன். ஆஸ்பத்திரி பேரு வேணாம். பேஷண்ட்டோட வயசு, ஊரு, நாளு எல்லாத்தையும் கொஞ்சம் மாத்தியிருக்கேன், மத்தபடி நடந்தது நடந்த மாதிரிதான். இதை எழுதக் காரணம், ரேடியோஆக்டிவ் டிரேசர், அதாவது கதிர் வீசற மருந்து, போட்டா கேன்சர் எங்க இருக்குன்னு பளிச்சுன்னு காட்டிடும்னு பேஷண்ட்டு வீட்டுக்காரங்க மட்டுமில்ல, புதுசா வர்ற ஹவுஸ் சர்ஜன் பசங்களும் நெனச்சுட்டு இருக்காங்க. அப்படி இல்லன்னு இந்த ஒரு கேஸ்ல தெளிவாத் தெரிஞ்சுது.

அந்த அம்மாவுக்கு 54 வயசு. இடது மார்புல மேல்-வெளிப்பக்கம் ஒரு கட்டி, 1.8 செ.மீ. கோர் பயாப்சியில இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, அதாவது பால் குழாய்ல ஆரம்பிச்ச மார்பகக் கேன்சர், கிரேடு 2, ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். கொஞ்சம் பருமனான உடம்பு, பிஎம்ஐ 33. அக்குள்ல தடவிப் பாத்தப்ப சர்ஜன் கைக்கு நெறிகட்டி எதுவும் தட்டுப்படல. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி வெளியில ஒரு ஸ்கேன் சென்டர்ல எடுத்த அல்ட்ராசவுண்டு ரிப்போர்ட்டு ஃபைல்ல இருந்துச்சு, அதுலயும் அக்குள் நிணநீர்க் கணுக்கள் சாதாரணமாத் தெரியுதுன்னு முடிவுல போட்டிருந்தாங்க. ஆரம்ப நிலைதான், சென்டினல் நோடு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு, கேன்சர் கேஸ்களைக் கூடிப் பேசற ட்யூமர் போர்டுல பேசி முடிச்சாங்க. மார்பை எடுத்துடுங்கன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. கட்டியை மட்டும் எடுத்தா அப்புறம் வாரக்கணக்குல தினம் வந்து கரண்ட் வைக்கணும், ரெண்டு பஸ் மாறி வர முடியாதுங்கறதுதான் காரணம். ஊர்ல ரேடியேஷனுக்குப் பேரே கரண்ட்தானே.

சென்டினல் நோடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு எங்க ஊர்க் கணக்குலயே சொல்றேன். எங்க பக்கம் கண்மாய்ங்க எல்லாம் சங்கிலி மாதிரி இருக்கும், முதல் கண்மாய் நிறைஞ்சு மறுகால் போனாத்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணி. மார்புல இருந்து வடியற நிணநீரும் அப்படித்தான், பெரும்பாலும் அக்குள்ல ஒண்ணு ரெண்டு கணுவுக்கு முதல்ல போய்ச் சேரும், அங்க இருந்துதான் மத்த கணுக்களுக்குப் போகும். கட்டியில இருந்து கேன்சர் செல் கிளம்புச்சுன்னா அதுவும் முதல்ல அங்கதான் வந்து தங்கும். அப்ப அந்த முதல் கணுவை மட்டும் எடுத்துப் பாத்து அதுல ஒண்ணுமில்லன்னா மிச்சத்தைத் தொட வேண்டியதில்ல. இந்த யோசனையை ஆண்குறி கேன்சர் பேஷண்ட்டுங்கள்ல பாத்து 1977ல ரமோன் கபனாஸ் எழுதினாரு. 1992ல டொனால்டு மார்ட்டன் மெலனோமாங்கற தோல் கேன்சர்ல நீலச் சாயம் போட்டுக் காட்டினாரு. 1993ல வெர்மான்ட்ல டேவிட் கிராக் மார்பகக் கேன்சர்ல டெக்னீஷியம்ங்கற கதிர்ப் பொருளைப் போட்டு, கதிரை எண்ணிக் காட்டற, கையில பிடிக்கிற காமா புரோபை வச்சு, 22 பேர்ல 18 பேருக்கு அந்தக் கணுவைக் கண்டுபிடிச்சாரு. நாங்க இன்னைக்குப் பண்றது கிட்டத்தட்ட அதேதான்.

அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் அக்குளை மொத்தமா வழிச்சு எடுத்துடுவாங்க. கை வீங்கும், தோள் தூக்க முடியாது, கைக்கு உள்பக்கம் மரத்துப் போகும். பிரிட்டன்ல நடந்த அல்மனாக் டிரையல்ல 12 மாசம் கழிச்சுப் பாத்தப்ப கை வீக்கம் சென்டினல் மட்டும் பண்ணவங்கள்ல 5 சதவீதம், பழைய மாதிரி பண்ணவங்கள்ல 13 சதவீதம். களை எடுக்கற கைக்கு, தண்ணிக் குடம் தூக்கற கைக்கு இது சின்ன விஷயமில்ல.

இப்ப அந்த வெள்ளிக்கிழமை.

எங்களுக்கு மாலிப்டினம் ஜெனரேட்டர் வார ஆரம்பத்துல வரும். மாலிப்டினம் 99க்கு அரை ஆயுள் 66 மணி நேரம், அது சிதைஞ்சு டெக்னீஷியம் 99எம் ஆகும், காலைல சலைன் விட்டு அதைக் கறந்து எடுப்போம். பால் கறக்கறதுன்னே சொல்லுவோம், கிண்டலுக்கு இல்ல, ஃபீல்டுலயே அந்த வார்த்தைதான். வெள்ளிக்கிழமைக்கு மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சியிருக்கும், போன் ஸ்கேனுக்கு எல்லாம் இழுத்துப் பறிச்சுதான் கொடுப்போம், ஆனா சென்டினலுக்கு வேணுங்கறது வெறும் அரை மில்லிக்யூரி, அதனால அது ஒரு பிரச்சனையே இல்ல. சல்ஃபர் கொலாய்டு, அதாவது கந்தகத்தோட நுண்துகள், அந்தக் கிட்டுல டெக்னீஷியத்தை விட்டு, கொதிக்கற தண்ணியில வச்சு, ஆறவிட்டு, பஃபர் சேத்து, 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி எடுத்தேன். வடிகட்டலேன்னா பெரிய துகள் எல்லாம் ஊசி போட்ட எடத்துலயே உக்காந்துக்கும், நகராது. பேப்பர் குரோமட்டோகிராபி ஓட்டிப் பாத்தேன், 97 சதவீதம் கொலாய்டுல ஒட்டியிருந்துச்சு. இன்சுலின் சிரிஞ்சுல ஏத்தி ஈயக் கவசத்துக்குள்ள வச்சேன்.

காலை 7:40க்கு ஊசி. முலைக்காம்பைச் சுத்தி இருக்கற கருவட்டத்தோட ஓரத்துல, தோலுக்குள்ள, ரெண்டு எடம். டாக்டர் போட்டாங்க, நான் பக்கத்துல. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா"ன்னு நான் எப்பவும் சொல்ற டயலாக்கைச் சொன்னேன். முதல் ஊசி முடிஞ்சதும், "தம்பி, நீங்க எந்த ஊரு எறும்பைப் பாத்தீங்க, இது தேளு"ன்னாங்க. சல்ஃபர் கொலாய்டு கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, எரியத்தான் செய்யும், அந்த டயலாக்கை அன்னையோட விட்டுட்டேன். "இதுதான் கரண்டா தம்பி"ன்னு அடுத்த கேள்வி. இல்லம்மா, அது வேற, இது வழி காட்டற மருந்து, கதிர் ரொம்பக் கம்மின்னு சொன்னேன். உண்மையும் அதுதான், உலகத்துல சராசரியா ஒரு ஆளுக்கு மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் தானா வந்துட்டிருக்கு, இந்த ஊசியில வர்றது அதுக்குப் பக்கத்துலகூட வராது, டெக்னீஷியமும் 6 மணி நேரத்துக்கு ஒருதடவை பாதி பாதியாக் கரைஞ்சுடும்.

அஞ்சு நிமிஷம் மசாஜ் பண்ணச் சொல்லிட்டு காமா கேமராவுக்குக் கீழ படுக்க வச்சோம். முதுகுப் பக்கம் கோபால்ட் 57 தட்டு, அது இருந்தாத்தான் உடம்போட வெளிக்கோடு நிழல் மாதிரி தெரியும், இல்லேன்னா கருப்பு வானத்துல ஒத்த நட்சத்திரம்தான், எது தோள் எது இடுப்புன்னு புரியாது. 20 நிமிஷம் ஆச்சு. ஊசி போட்ட எடம் மட்டும் வெளிச்சமா எரியுது. அக்குள்ல ஒண்ணுமில்ல. ஊசி எடத்து வெளிச்சம் மறைக்குதோன்னு அது மேல ஈயத் தகடு வச்சு, சாய்ச்சு ஒரு படம், கையைத் தூக்கி ஒரு படம். ஒண்ணுமில்ல. எழுப்பி உக்கார வச்சு திரும்ப மசாஜ், ஒரு டீ குடிக்கலாமான்னு கேட்டாங்க, ஆபரேஷன் இருக்கே, தண்ணிகூடக் கிடையாதும்மான்னேன். ஒரு மணி நேரத்துல எடுத்த படத்துலயும் ஒண்ணுமில்ல.

இந்த மாதிரி நேரத்துல டெக்னாலஜிஸ்ட்டுக்கு வர்ற முதல் பயம் தன் கைமேலதான். ஃபில்டர் போட்டேனா, மருந்து சரியாக் கொதிச்சுதா, ஊசி ஆழமாப் போயிடுச்சா. நல்லவேளை அன்னைக்கு அதே மருந்துக் குப்பியில இருந்து இன்னொருத்தங்களுக்கும் போட்டிருந்தோம், அவங்களுக்கு 15 நிமிஷத்துலயே கணு பல்பு மாதிரி எரிஞ்சுது. அப்ப மருந்து மேல தப்பில்ல. வயசு, பருமன், ஏற்கெனவே கத்தி பட்ட மார்பு, இதுலெல்லாம் நிணநீர் மெதுவாத்தான் நகரும், அதனால சிலருக்குப் படத்துல லேட்டா வரும், சிலருக்கு வராமலே இருக்கும், ஆனாலும் தியேட்டர்ல புரோப் வச்சா பெரும்பாலும் கிடைச்சுடும். மார்பகத்துக்கு இந்தப் படமே தேவையில்ல, புரோப் போதும்னு சொல்ற சர்ஜனுங்க நிறையப் பேரு. முதுகுல இருக்கற மெலனோமாவுக்கோ நாக்குக் கேன்சருக்கோ அப்படிச் சொல்ல முடியாது, அங்க நிணநீர் எந்தப் பக்கம் போகும்னு படம் எடுக்காம ஊகிக்கறது கஷ்டம்.

9:50க்கு எடுத்த படத்துல, அக்குள்ல கொஞ்சம் மேல, மங்கலா ஒரு புள்ளி. ரெண்டு திசையில இருந்தும் பாத்து தோல் மேல மார்க்கர்ல குறி வச்சேன். ரிப்போர்ட்டுல டாக்டர் "தாமதமாக, மங்கலாக ஒரு கணு"ன்னு எழுதினாங்க. வழக்கத்தைவிட மேல இருக்கேன்னு நான் வாயால சொன்னேன், அவங்களும் ஆமான்னாங்க. அந்த "ஆமா" ரிப்போர்ட்டுல ஏறல.

மதியம் 12:30க்கு தியேட்டர். மயக்கம் கொடுத்ததும் சர்ஜன் மெத்திலீன் ப்ளூவும் போட்டாங்க. வெளிநாட்டுல ஐசோசல்ஃபான் ப்ளூ போடுவாங்க, நமக்கு அது விலை கட்டுப்படியாகாது, அதுல அலர்ஜி பயமும் இருக்கு. மெத்திலீன் ப்ளூ போட்டா விரல்ல மாட்டியிருக்கற ஆக்சிஜன் மீட்டர் பொய்யாக் கொஞ்சம் எறங்கிக் காட்டும், மயக்க டாக்டருக்கு முன்னாடியே சொல்லிடணும். அப்புறம் புரோபை ஸ்டெரைல் உறைக்குள்ள போட்டுக் குறி மேல வச்சதும் பீப் சத்தம் ஏறுச்சு. கணுவை எடுத்து வெளிய வச்சு 10 செகண்டு எண்ணினா 1,840. அக்குள் குழியில திரும்ப வச்சா 35. அந்தக் கணு லேசா நீலமாவும் இருந்துச்சு. கதிர் எண்ணிக்கை ஏறினா அதைத்தான் சூடுன்னு சொல்லுவோம். சூடும் உண்டு, நீலமும் உண்டு, புத்தகத்துல போடற மாதிரி ஒரு சென்டினல் நோடு. ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வச்சு வெட்டிப் பாக்கற ஃப்ரோசன் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க.

இங்க ஒரு விதி இருக்கு. ரொம்பச் சூடான கணுவோட கவுண்ட்ல 10 சதவீதத்துக்கு மேல எது இருந்தாலும் அதையும் எடுக்கணும், கீழ இருந்தா விட்டுடலாம். அதாவது எங்களுக்கு 184. குழியில 35தான், விதிப்படி வேலை முடிஞ்சுது. ஆனா எங்க சர்ஜன் மேடம் புரோபை ஓரமா வச்சுட்டு விரலை உள்ள விட்டுத் தடவினாங்க. ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் "இங்க கல்லு மாதிரி ஒண்ணு இருக்கு, புரோபைக் கொடுங்க"ன்னாங்க. முதல் கணுவுக்குக் கீழ, மார்பை ஒட்டின பக்கம், கொழுப்புக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. புரோப் வச்சா 62. நீலம் துளிகூட இல்ல. விதிப்படி விட்டுட்டுப் போக வேண்டிய கணு. எடுத்தாங்க. ரெண்டாக வெட்டினப்ப உள்ள வெள்ளையா, கரகரன்னு இருந்துச்சு, பெத்தாலஜிக்கு அனுப்பவே தேவையில்லன்னு அங்க நின்ன எல்லாருக்கும் தெரிஞ்சுது.

ஃப்ரோசன் ரிப்போர்ட்டு போன்ல வந்துச்சு. சூடான நீலக் கணு: கேன்சர் இல்ல. சூடில்லாத கல்லுக் கணு: மேக்ரோமெட்டாஸ்டேசிஸ், அதாவது பரவி வந்த பெரிய கேன்சர் படிவு, 14 மி.மீ, கணுவோட உறையையும் தாண்டி வெளிய வந்திருக்கு. அப்படியே அக்குளை முழுசா எடுத்தாங்க. ஃபைனல் ரிப்போர்ட்டுல 16 கணு, அதுல 3 பாசிட்டிவ். ஒண்ணு ரெண்டு சென்டினல் கணு பாசிட்டிவா இருந்தாலும் அக்குளை விட்டுடலாம்னு 891 பேரை வச்சுப் பண்ண இசட்0011 டிரையல் சொல்லுதேன்னு ஒரு பிஜி பையன் கேட்டான். கேள்வி சரிதான். ஆனா அந்த டிரையல்ல இருந்தவங்க எல்லாம் மார்பைக் காப்பாத்தி, மொத்த மார்புக்கும் ரேடியேஷன் வாங்கினவங்க, இந்தம்மா மார்பையே எடுத்தவங்க, போதாததுக்கு உறை கிழிஞ்ச கணு வேற. இதுக்கு அது பொருந்தாது.

அப்ப டிரேசர் ஏன் மேல இருந்த நல்ல கணுவைக் காட்டுச்சு? கேன்சர் ஒரு கணுவை முழுசா அடைச்சுட்டா நிணநீர் அதுக்குள்ள நுழைய எடமில்ல. வரத்துக் கால்வாய் மண்ணு மூடிப்போன கண்மாய் மாதிரி, தண்ணி கரையைச் சுத்தி வேற பள்ளம் பாத்துப் போயிடும். அப்படிச் சுத்திப் போனதுலதான் அவ்வளவு லேட்டு, அவ்வளவு மங்கல், அவ்வளவு மேல. கொலாய்டைப் பிடிச்சு வைக்கறதே கணுவுக்குள்ள இருக்கற மேக்ரோஃபேஜ்ங்கற, துகளை விழுங்கற செல்லுங்கதான். அந்த எடத்தைக் கேன்சர் பிடிச்சுக்கிட்டா பிடிக்க ஆளில்ல. டிரேசர் அது வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுது. அன்னைக்குத் தேதிக்கு நிணநீர் போற வழியைக் காட்டுச்சு. கேன்சரைக் காட்டறது அதோட வேலையே இல்ல.

இது அபூர்வமும் இல்ல. என்எஸ்ஏபிபி பி-32ன்னு 5,611 பெண்களை வச்சு ஒரு பெரிய டிரையல், அதுல 97 சதவீதம் பேருக்குச் சென்டினல் கணு கிடைச்சுது, ஆனா அக்குள்ல நிஜமாவே நோய் இருந்தவங்கள்ல 9.8 சதவீதம் பேருக்குச் சென்டினல் கணு சுத்தம்னு வந்துச்சு. அதாவது பத்துல ஒண்ணு. அப்படி இருந்தும் அந்த டிரையல்ல சென்டினலோட நிறுத்தினவங்க, அக்குளை முழுசா எடுத்தவங்க, ரெண்டு பக்கமும் உயிர் பிழைச்ச கணக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு, அதனாலதான் இந்த முறையை யாரும் கைவிடல. மருந்து, ரேடியேஷன் எல்லாம் மிச்சத்தைப் பாத்துக்குதுன்னு வச்சுக்கலாம். ஆனா 14 மி.மீ கல்லை உள்ள விட்டுட்டு வர்றதுக்கு அது சாக்கு ஆகாது.

புது டிரேசர் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமேன்னு எங்களுக்குள்ளயே ஒரு விவாதம். லிம்ஃபோசீக்னு ஒண்ணு, டில்மனோசெப்ட், சான் டியேகோ கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில டேவிட் வேரா உருவாக்கினது, அமெரிக்காவுல 2013 மார்ச்ல அனுமதி வாங்குச்சு. துகள் சைஸை நம்பாம மேக்ரோஃபேஜ் மேல இருக்கற சிடி206ங்கற ரிசெப்டர்ல போய் ஒட்டிக்கும், 7 நானோமீட்டர்தான், ஊசி போட்ட எடத்துல இருந்து சீக்கிரம் கெளம்பிடும், எரிச்சலும் கம்மின்னு சொல்றாங்க. நான் கையில தொட்டது இல்ல. ஆனா இந்தக் கேஸ்ல அதுவும் தோத்திருக்கும்னுதான் என் கணக்கு. அடைச்ச கணுவுக்குள்ள போக வழியும் இல்ல, ஒட்டிக்க மேக்ரோஃபேஜும் இல்ல. ஐசிஜி பச்சைச் சாயத்துக்கும் இதே கதிதான், அதுவும் ஓடற நிணநீரோட ஓடறதுதானே. எஃப்டிஜி பெட் ஸ்கேன் வேற ஜாதி, அது சர்க்கரை திங்கற செல்லைக் காட்டும், 14 மி.மீ கணு அதுல தெரிஞ்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா இவ்வளவு ஆரம்ப நிலைக் கட்டிக்கு எல்லாருக்கும் பெட் எடுக்கறது வழக்கமில்ல, ஒண்ணு ரெண்டு மி.மீ படிவு அதுல தெரியவும் தெரியாது.

மும்பை டாடா மெமோரியல்ல லோ ஆக்ஸிலரி சாம்ப்ளிங்னு ஒரு முறை பாத்து வச்சிருக்காங்க, புரோபும் வேணாம் ஐசோடோப்பும் வேணாம், அக்குள் வழியாப் போற இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்புக்குக் கீழ இருக்கற கணுக் கொழுப்பை ஒரு கட்டா எடுத்து அனுப்பறது. ஜெனரேட்டர் வாங்க வழியில்லாத ஊருக்கு அது பெரிய உதவி. எங்க கல்லுக் கணு இருந்த எடமும் அந்த ஏரியாதான், அந்த முறையில பண்ணியிருந்தா தானா வந்திருக்கும். நியூக்ளியர் மெடிசின் ஆளு நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

சரி, தப்பு எங்க? அடுத்த வாரம் மீட்டிங்ல ஃபைலை எடுத்து வச்சுப் பாத்தோம். வெளி ஸ்கேன் சென்டர் அல்ட்ராசவுண்டு ரிப்போர்ட்டு, ரெண்டாவது பக்கம், மேல இருந்து நாலாவது வரி: "இடது அக்குளில் ஒரு கணுவின் கார்டெக்ஸ் தடிமன் 3.4 மி.மீ". முடிவுல "சாதாரணமாத் தெரியுது". கார்டெக்ஸ், அதாவது கணுவோட வெளி ஓரம், 3 மி.மீ தாண்டினாலே கணுவுல ஊசி குத்தி செல் எடுத்துப் பாக்கறதுதான் வழக்கம். ரிப்போர்ட்டு எழுதினவங்க மேல பழி போடறது சுலபம், ஆனா நம்பரை அவங்க மறைக்கல, எழுதித்தான் வச்சிருக்காங்க. ட்யூமர் போர்டுல ஒன்பது பேரு உக்காந்திருந்தோம், ஒருத்தர்கூட முடிவு வரிக்கு மேல படிக்கல. என்னையும் சேத்துத்தான். படத்துல லேட்டா, மேல, மங்கலா வந்தப்பவாவது அல்ட்ராசவுண்டை ஒருதடவை பாப்போமான்னு கேட்டிருக்கலாம், மெஷின் ரெண்டு ரூம் தள்ளித்தான் இருக்கு. முன்னாடியே கணுவுல ஊசி குத்திப் பாத்துத் தெரிஞ்சிருந்தா சென்டினல் பேச்சே வந்திருக்காது, கீமோ முதல்லயா ஆபரேஷன் முதல்லயான்னு வேற மாதிரி யோசிச்சிருப்பாங்க.

மறுநாள் வார்டுக்குப் போனேன். யூரின் பச்சையாப் போகுதுன்னு அந்தம்மா பயந்து போய் இருந்தாங்க, அது நீலச் சாயம், ரெண்டு நாள்ல போயிடும்மான்னு சொன்னேன். கரண்ட் வைக்கணுமாம்ல தம்பின்னு கேட்டாங்க. சர்ஜன் மேடம் சொல்லிட்டாங்க போல. 3 கணு, உறை கிழிஞ்சது, கீமோவுக்கு அப்புறம் ரேடியேஷன் வந்தே தீரும். அதுல இருந்து தப்பிக்கத்தானே மார்பையே கொடுத்தாங்க. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் வரல, ஆஸ்பத்திரி பக்கத்துல தங்கற எடம் ஒண்ணு இருக்கு, கேட்டுச் சொல்றேம்மான்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். கீமோ முடிஞ்சு அங்க தங்கித்தான் வச்சுக்கிட்டாங்க.

இப்ப எங்க டிபார்ட்மெண்டுல ஒரு மாத்தம். சென்டினலுக்கு வர்றவங்களுக்கு ஊசிக்கு முன்னாடி எங்க ரேடியாலஜிஸ்ட்டே அக்குளை ஒருதடவை அல்ட்ராசவுண்டு பாக்கறாங்க, கார்டெக்ஸ் 3 மி.மீக்கு மேல இருந்தா அன்னைக்கு டிரேசர் ஊசி கிடையாது. தூரத்துல இருந்து வர்றவங்க விடியத்தான் வந்து சேருவாங்க, அதுக்குள்ள நான் கிட்டைக் கொதிக்க வச்சு, வடிகட்டி, சிரிஞ்சுல ஏத்தியிருப்பேன். ஸ்கேன் ரூம்ல இருந்து வேணாம்னு போன் வந்தா அந்த சிரிஞ்சு அப்படியே ஈயப் பெட்டிக்குள்ள போகும், நாள் கணக்குல கிடந்து சூடு ஆறினதும் குப்பைக்கு. ஏன் சார் இந்த மாசம் ரெண்டு கிட்டு கூடப் போயிருக்குன்னு ஸ்டோர்ல இருந்து கேட்டிருந்தாங்க, ரெஜிஸ்டர்ல காரணம்ங்கற கட்டத்துல "கார்டெக்ஸ் 4.1"ன்னு எழுதிக் கொடுத்தேன், அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது, திருப்பியும் கேக்கல.